சன்னி பர்ஜஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்விஸ் பிரெஸ்லி, ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகியோரைப் பற்றி எழுதுகிறவர்கள் மெம்ஃபிஸ் நகரத்து இசைத்தட்டு நிறுவனமான சன் ரெக்கார்ட்ஸைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அந்த நிறுவனத்தின் கதையில் இரண்டு வரி மட்டும் இடம்பெற்றுவிட்டுப் போகிற பெயர் சன்னி பர்ஜஸ். அவர் பாட்டைத் தற்செயலாகக் கேட்டவர்கள் அனேகமாக ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே. சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடிந்துவிடும்.

யார் இந்த சன்னி பர்ஜஸ்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ராக்கபிலிப் பாடகர், கிட்டார் கலைஞர். இயற்பெயர் ஆல்பர்ட் ஆஸ்டின் பர்ஜஸ். 1929 மே 28 அன்று நியூபோர்ட் நகரை ஒட்டிய கிராமப்புறத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 2017 ஆகஸ்ட் 18 அன்று, 88 வயதில் மறைந்தார். இடையில் இராணுவத்துக்கும் சுற்றுப்பயணங்களுக்கும் போனார், ஐரோப்பிய மேடைகளில் பாடினார். ஆனாலும் அவர் குடும்பமும் குழுவும் இசையும் நியூபோர்ட்டிலேயே வேர்விட்டிருந்தன. தேசிய விற்பனைப் பட்டியலில் அவர் இசைத்தட்டு எதுவும் ஏறியதில்லை.

ராக்கபிலி என்பது என்ன வகை இசை?

வெள்ளையர்களின் கிராமிய இசையான கன்ட்ரியையும், கறுப்பின மக்களின் புளூஸையும், துள்ளலான நடனத் தாளமான பூகியையும் ஒரே சட்டியில் போட்டு அதிகத் தீயில் வதக்கினால் வருவது. 1950களின் நடுவில் டென்னசி, மிசிசிப்பி, ஆர்கன்சா மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் உருவாயிற்று. நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து விட்டு மரத்தோடு அறைந்து எழுப்பும் சத்தம், வேகமான மின்கிட்டார், பாட்டுக்கு நடுவே விக்கலும் கூவலும். பாட்டு இரண்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதன் ஒலிக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பமும் உண்டு. மெம்ஃபிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் சன் நிறுவனத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் இரண்டு டேப் இயந்திரங்களை வைத்திருந்தார். ஒன்றில் பதிவாகும் குரலை மற்றொன்றுக்கு அனுப்பி, நொடியில் ஒரு சிறு பங்கு தாமதித்து ஒலிக்கும் அந்தக் குரலை மூலத்தோடு கலந்துவிடுவார். குரல் சுவரில் பட்டு உடனே திரும்பி அறைவதுபோல் கேட்கும். சன் தட்டுகளை இரண்டே நொடியில் அடையாளம் காண முடிவதற்கு இதுவே காரணம்.

நியூபோர்ட் அப்படி என்ன பெரிய ஊர்?

பெரிய ஊரே இல்லை. வொயிட் ஆற்றங்கரையில், பருத்தி விளையும் சமவெளியில் இருக்கும் சில ஆயிரம் பேர் கொண்ட நகரம். ஜாக்சன் மாவட்டத்தின் தலைநகர். மெம்ஃபிஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

ஆனால் அதற்கு இரண்டு அதிர்ஷ்டங்கள் இருந்தன. சுற்றியிருந்த மாவட்டங்கள் பலவற்றில் மதுவிலக்கு, ஜாக்சன் மாவட்டத்தில் மது விற்க அனுமதி. அடுத்தது, செயின்ட் லூயிஸ் பக்கத்திலிருந்து லிட்டில் ராக்கை நோக்கி இறங்கும் 67ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மதுவும் நெடுஞ்சாலையும் இருக்குமிடத்தில் நடனக் கூடங்கள் முளைக்காமல் என்ன செய்யும்? நியூபோர்ட்டில் சில்வர் மூன், போர்க்கீஸ் ரூஃப்டாப். வடக்கே சற்றுத் தள்ளி ஸ்விஃப்டனில் கிங் ஆஃப் கிளப்ஸ். வார இறுதியில் அக்கம்பக்கத்து மாவட்டங்களின் கார்களெல்லாம் இங்கேதான் வந்து நிற்கும்.

பர்ஜஸின் இசையைப் புரிந்துகொள்ள இந்தக் கூடங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் முழுவதும் வயலில் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை இரவு காசு கொடுத்து உள்ளே வந்தவர்களை விடிய விடிய ஆடவைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் அடுத்த வாரம் வேறு குழுவை அழைத்துவிடுவார்கள். பர்ஜஸ் தொழில் கற்றது இங்கேதான்.

இளமையில் யார் அவருக்கு இசை கற்றுக்கொடுத்தார்கள்?

முறையான குரு என்று யாரும் இல்லை. அந்தத் தலைமுறைக்குப் பெரும்பாலும் வானொலிதான் பள்ளிக்கூடம். சனிக்கிழமை இரவில் நாஷ்வில் நிலையத்தின் கிராண்ட் ஓல் ஒப்ரி நிகழ்ச்சி கன்ட்ரி இசையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆர்கன்சாவின் ஹெலினா நகரிலிருந்து 1941 முதல் கிங் பிஸ்கட் டைம் என்ற நிகழ்ச்சி புளூஸ் இசையை நேரடியாக ஒலிபரப்பியது. மெம்ஃபிஸில் டபிள்யூடிஐஏ என்ற நிலையம் 1940களின் இறுதியில் முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கான நிலையமாக மாறியது. உணவகத்திலும் பள்ளியிலும் பஸ்ஸிலும் நிறப் பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் வானொலி அலைக்கு மட்டும் யாரும் வேலி போட முடியவில்லை.

பர்ஜஸ் 1948இல் நியூபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். பியானோ கலைஞர் கெர்ன் கென்னடி, பேஸ் வாசித்த ஜானி ரே ஹப்பர்ட் ஆகியோருடன் சேர்ந்து ராக்கி ரோடு ராம்ப்ளர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். கன்ட்ரிக் குழுவின் பெயர், ஆனால் வாசித்தது பூகி. 1951 முதல் 1953 வரை இராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்ததும் பழைய நண்பர்களைத் திரட்டி மூன்லைட்டர்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார். வாரந்தோறும் வாசித்த சில்வர் மூன் கூடத்தின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது.

எல்விஸுக்கு முன்னால் மேடையேறினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1955இல் எல்விஸ் நியூபோர்ட்டுக்கு ஒரு முறைக்கு மேல் வந்திருக்கிறார். அப்போது அவர் தேசிய நட்சத்திரம் இல்லை. சன் நிறுவனத்துக்காகச் சில தட்டுகள் வெளியிட்ட, காரில் ஊர் ஊராகச் சுற்றிய இருபது வயது இளைஞர். சில்வர் மூனில் அவர் பாடியபோது முதலில் மேடையேறி அரங்கைச் சூடாக்கியது பர்ஜஸின் மூன்லைட்டர்ஸ். அந்த ஆண்டு நவம்பரில் சாம் பிலிப்ஸ் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். அதன் பிறகும், டிசம்பரில், எல்விஸ் ஸ்விஃப்டனுக்கு வந்து பள்ளிக்கூடத்திலும் கிங் ஆஃப் கிளப்ஸிலும் பாடினார். இன்னும் சில மாதங்களில் அவரை அப்படிப் பக்கத்தில் நின்று பார்ப்பது யாருக்கும் முடியாத காரியமாகிவிட்டது.

எல்விஸைப் பார்த்துத்தான் பர்ஜஸ் பாட வந்தார் என்று சிலர் எழுதுவது சரியல்ல. எல்விஸ் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பூகி வாசித்துக்கொண்டிருந்த குழு அது. சன் நிறுவனத்தின் கதவு எங்கே இருக்கிறது என்பதை எல்விஸின் வெற்றி காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சன் ரெக்கார்ட்ஸில் எப்படி இடம் கிடைத்தது?

மெம்ஃபிஸுக்குப் போய் வாசித்துக் காட்டினார்கள். சாம் பிலிப்ஸ் கேட்டுவிட்டு, ஆட்களைச் சேர்த்துக் குழுவைப் பெரிதாக்கிக்கொண்டு வரச் சொன்னார். பொதுவாக அவர் எல்விஸுக்கும் கேஷுக்கும் இரண்டு மூன்று வாத்தியங்களோடு நிறுத்திக்கொண்டவர். இவர்களிடம் மட்டும் கூட்டம் வேண்டும் என்று கேட்டது விசித்திரம்தான். கிட்டாருக்கு ஜோ லூயிஸ், டிரம்பெட்டுக்கு ஜாக் நான்ஸ், டிரம்ஸுக்கு ரஸ் ஸ்மித் என்று ஆறு பேர் கொண்ட குழுவாகத் திரும்பிப் போனார்கள். பெயரும் பேசர்ஸ் என்று மாறியது. 1956 மே 2 அன்று முதல் பதிவு நடந்தது.

அந்த முதல் தட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

சன் வரிசையில் 247ஆம் எண். ஒரு பக்கம் ‘ரெட் ஹெடட் வுமன்’, மறுபக்கம் ‘வீ வான்னா பூகி’. இரண்டையும் எழுதியவர் பர்ஜஸே.

அந்தக் காலத்து ராக்கபிலித் தட்டுகளில் கன்ட்ரி ஒழுங்கு எங்கேயாவது ஒளிந்திருக்கும். எவ்வளவு கூவினாலும் கிட்டார் தன் இடத்தில் நிற்கும், தாளம் தெளிவாக விழும். ‘ரெட் ஹெடட் வுமன்’ பாட்டில் அந்த ஒழுங்கைக் காணோம். டிரம்பெட் கரகரத்த குரலில் பாட்டோடு மல்லுக்கு நிற்கிறது. பியானோ பின்னால் எங்கேயோ தடதடக்கிறது. பர்ஜஸ் பாடுகிறாரா கத்துகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழுவினர் இடையிடையே உரக்கக் குரல் கொடுக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து மைக்கை நிரப்பி வழிந்து ஒலி பிசிறடிக்கிறது. வேறு தயாரிப்பாளராக இருந்தால் நிறுத்தச் சொல்லி, மைக்கைத் தள்ளி வைத்து, மறுபடி எடுத்திருப்பார். பிலிப்ஸ் விட்டுவிட்டார். பிசிறில்லாமல் வாசித்த பதிவைவிட, உயிரோடு இருந்த பதிவையே தேர்ந்தெடுப்பது அவர் வழக்கம்.

ராக்கபிலியில் டிரம்பெட் அபூர்வம். நடனக் கூடங்களில் வாசித்துப் பழகிய குழுவுக்கு அது இயல்பாகவே வந்தது. கறுப்பினக் குழுக்களின் தட்டுகளில் ஊதுகருவி இல்லாத பாட்டு அரிது. பேசர்ஸ் கேட்டு வளர்ந்ததும் அந்தத் தட்டுகளைத்தான். சன் நிறுவனம் வெளியிட்டவற்றில் ஆகக் கட்டுக்கடங்காத தட்டு எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் எடுத்து நீட்டுவேன். ஜெர்ரி லீ லூயிஸின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மேடையில் சிவப்பு நிறமாகவே இருப்பாராமே?

ஆமாம். தலைமுடிக்குச் சிவப்புச் சாயம், சிவப்பு உடை, கையில் சிவப்புக் கிட்டார். அன்றைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் நமக்கு அந்தக் காட்சி கிடைக்காமல் போய்விட்டது.

உடையைவிடக் குழுவின் சேட்டைகள்தான் பேர் போனவை. பூச்சி நடனம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். குழுவில் ஒருவர் தன் மேல் ஏதோ ஊர்வதுபோல நெளிவார், சொறிவார், துள்ளுவார். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியைப் பிடித்து அடுத்தவர் மீது எறிவார். அவர் நெளியத் தொடங்குவார். இப்படியே பூச்சி மேடை முழுக்கச் சுற்றும், பாட்டோ நிற்காது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுவார்கள். கிட்டாருக்கு நீளமான வயர் வைத்துக்கொண்டு, வாசித்தபடியே மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதிப்பார்கள். வயரில்லாத கருவிகள் வராத காலத்தில் இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்; யார் காலில் சிக்கும் என்று தெரியாது.

சன் நிறுவனத்துக்காக மொத்தம் எத்தனை தட்டுகள்?

முதல் தட்டுக்குப் பிறகு 1957இல் ‘ரெஸ்ட்லெஸ்’, ‘எய்ன்ட் காட் எ திங்’. 1958 தொடக்கத்தில் ‘மை பக்கெட்ஸ் காட் எ ஹோல் இன் இட்’, ‘ஸ்வீட் மிசரி’. அதே ஆண்டில் பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் ‘இட்ச்சி’, ‘தண்டர்பேர்ட்’. கடைசியாக, பிலிப்ஸின் மற்றொரு முத்திரையான பிலிப்ஸ் இன்டர்நேஷனலில் ‘சேடீஸ் பேக் இன் டவுன்’. ஆக ஐந்து தட்டுகள். பதிவு செய்துவிட்டு வெளியிடாமல் பெட்டியில் போட்டு வைத்தவை இதைவிடப் பல மடங்கு. அந்தப் பெட்டிகளுக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வேலை வந்தது.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் பெரிய நட்சத்திரமாகவில்லை?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. மூன்று காரணங்கள் சொல்வார்கள், மூன்றிலும் உண்மை இருக்கிறது.

முதலாவது, சன் சிறிய நிறுவனம். விளம்பரத்துக்கும் வானொலி நிலையங்களைத் துரத்துவதற்கும் இருந்த பணமும் ஆளும் ஒரு நேரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் போதும். 1956இல் அந்த இடத்தில் கார்ல் பெர்கின்ஸும் ஜானி கேஷும் இருந்தார்கள். 1957இல் ஜெர்ரி லீ லூயிஸ் வந்து உட்கார்ந்துவிட்டார். பர்ஜஸ் மட்டுமல்ல, பில்லி லீ ரைலி, வாரன் ஸ்மித் என்று பலரும் அந்த வரிசையில் காத்திருந்து களைத்தவர்களே.

இரண்டாவது, நேரம். ‘மை பக்கெட்ஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1949இல் பாடிப் பிரபலமாக்கிய பழைய பாட்டு. அதை பர்ஜஸ் வேகமாக்கி வெளியிட்டார். அதே 1958இல் ரிக்கி நெல்சன் அதே பாட்டைப் பாடித் தட்டாக வெளியிட்டார். நெல்சன் தன் குடும்பத்தோடு வாரந்தோறும் தொலைக்காட்சித் தொடரில் தோன்றிக்கொண்டிருந்த அழகான இளைஞர். பட்டியலில் ஏறியது அவருடைய தட்டு. பர்ஜஸின் பாட்டு நடனக் கூடத்திலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேசர்ஸ் ஒரு பாடகருக்குப் பின்னால் நின்ற குழு அல்ல. ஆறு பேரும் சேர்ந்து செய்த கலகம் அது. பூச்சி நடனத்தையும் மனிதக் கோபுரத்தையும் ஏழு அங்குலத் தட்டில் எப்படிப் பதிவது? கல்யாண விருந்தைத் தூக்குச் சட்டியில் கட்டிக் கொடுத்தால் ருசி இருக்கும், பந்தி இருக்காது. 1950களின் வானொலிக்கு வேண்டியிருந்ததோ தனி முகம், தெளிவான குரல், காதல் வரிகள். பர்ஜஸிடம் இருந்தது கரகரத்த குரலும் ஐந்து கூட்டாளிகளும்.

அதனால் அவரைத் தோற்றுப்போனவர் வரிசையில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. சில்வர் மூனின் நடனத் தளத்துக்காக உருவான குழு அது. அந்தத் தளத்தில் அவர்கள் தோற்றதாக அங்கே ஆடிய யாரும் சொன்னதில்லை. விற்பனைப் பட்டியலை வைத்து மட்டும் அளந்தால் ஒரு வட்டாரத்துக்கே உரிய இசை எதுவும் தேறாது.

குழுவில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. ஹெலினாவில் வளர்ந்த ஹெரால்ட் ஜென்கின்ஸ் என்ற இளைஞரும் 1956இல் சன் கூடத்தில் பாடிப் பார்த்தார். பிலிப்ஸ் எதையும் வெளியிடவில்லை. அவர் ஆர்கன்சாவில் உள்ள கான்வே, டெக்சஸில் உள்ள ட்விட்டி என்ற இரண்டு ஊர்களின் பெயரைச் சேர்த்து கான்வே ட்விட்டி என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். பேசர்ஸிலிருந்து ஜாக் நான்ஸும் ஜோ லூயிஸும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் நான்ஸும் ட்விட்டியும் சேர்ந்து எழுதிய ‘இட்ஸ் ஒன்லி மேக் பிலீவ்’ 1958இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பர்ஜஸின் முதல் தட்டில் டிரம்பெட் ஊதியவர்தான் அந்த நான்ஸ்! பின்னாளில் ட்விட்டி கன்ட்ரிப் பக்கம் திரும்பி, பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலில் 40 முறை முதலிடம் பிடித்தார். பர்ஜஸும் சிறிது காலம் அவர் குழுவில் வாசித்திருக்கிறார்.

கெர்ன் கென்னடி மட்டும் பர்ஜஸை விட்டு நீண்ட காலம் பிரிந்ததில்லை. இளமையில் கூடச் சேர்ந்தவர், முதிய வயதிலும் அதே மேடையில் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கன்ட்ரிப் பாடகர் என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். கிராண்ட் ஓல் ஒப்ரி கேட்டு வளர்ந்தவர், ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டை எடுத்துப் பாடியவர். 1990களில் வெளியான ஆல்பங்களில் கன்ட்ரிச் சாயல் அதிகம். ஆனால் 1956இல் அவர் செய்ததில் கறுப்பின மக்களின் தாள இசைக்கே பெரும் பங்கு. சன் நிறுவனமும் அப்படித்தான் தொடங்கியது. எல்விஸ் வருவதற்கு முன் சாம் பிலிப்ஸ் பதிவு செய்தவர்களில் ஹவ்லின் உல்ஃப் போன்ற புளூஸ் கலைஞர்கள்தான் முக்கியமானவர்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் அதே தாளத்தைப் பாடியபோது கதவுகள் எளிதாகத் திறந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பர்ஜஸுக்கு முழுதாகத் திறக்கவில்லை என்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது.

இடையில் இசையை விட்டுவிட்டாரா?

1960களில் கிங்ஸ் ஃபோர் என்ற குழுவோடு அந்த வட்டாரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் முழுநேர இசையை நிறுத்திவிட்டு, செயின்ட் லூயிஸ் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரானார். துணிகளில் வைத்துத் தைக்கும் லேஸ், அலங்கார நாடா போன்றவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் வேலை. சிவப்பு முடியோடு மேடையிலிருந்து குதித்தவர் லேஸ் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினார் என்று நினைக்கும்போது சிலருக்குப் பரிதாபமாக இருக்கும். பிள்ளைகுட்டிக்காரருக்கு மாதச் சம்பளம் வேண்டாமா? நடனக் கூடங்களிலும் கூட்டம் முன்போல் இல்லை. வட்டாரக் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு இதுவே நடுவயதுக் கதை.

மறுபடி எப்படி வந்தார்?

ஐரோப்பா இழுத்துவந்தது. 1969இல் சாம் பிலிப்ஸ் சன் நிறுவனத்தை ஷெல்பி சிங்கிள்டன் என்பவருக்கு விற்றார். புதிய உரிமையாளர் பழைய டேப்புகளை வெளிநாடுகளுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கினார். பிரிட்டனில் சார்லி என்ற நிறுவனமும், பின்னர் ஜெர்மனியில் பேர் ஃபேமிலி நிறுவனமும் அந்தப் பெட்டிகளைத் திறந்து, வெளிவராத பதிவுகளையெல்லாம் வெளியிட்டன. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த இளைஞர்களுக்கு எல்விஸ் பழைய செய்தி. யாருக்கும் தெரியாத பேசர்ஸ்தான் அவர்களுக்குப் புதையல். நியூபோர்ட் விற்பனையாளருக்குக் கடல் கடந்து அழைப்பு வந்தது.

1986இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய நாட்டார் கலை விழாவையொட்டி மெம்ஃபிஸின் மூத்த கலைஞர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். எல்விஸுக்கு டிரம்ஸ் வாசித்த டி. ஜே. ஃபொன்டானா, ஜானி பர்னெட்டின் குழுவில் கிட்டார் வாசித்த பால் பர்லிசன், சன் கூடத்தின் ஸ்டான் கெஸ்லர் போன்றவர்களோடு பர்ஜஸும் சேர்ந்தார். சன் ரிதம் செக்ஷன் என்ற பெயரில் அவர்கள் பல ஆண்டுகள் சுற்றினார்கள். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 1992இல் கிட்டார் கலைஞர் டேவ் ஆல்வினுடன் ‘டென்னசி பார்டர்’ ஆல்பம். பிறகு பழைய தோழர்களையும், டிரம்ஸ் வாசித்த பாபி கிராஃபர்டு போன்றவர்களையும் சேர்த்துக்கொண்டு லெஜண்டரி பேசர்ஸ் என்ற பெயரில் கடைசி வரை வாசித்தார்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அவருக்காகப் பாட்டுக் கொடுத்தாரா?

கொடுத்தார், அந்தப் பிரபல ராக் பாடகர். ‘டைகர் ரோஸ்’ என்பது பாட்டின் பெயர். 1996இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தில் இருக்கிறது. தயாரித்தவர் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் பேஸ் வாசிக்கும் கேரி டாலன்ட்.

ராக் அண்ட் ரோல் நெடுஞ்சாலை என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. மேலே சொன்ன 67ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு ஆர்கன்சா சட்டமன்றம் 2009இல் அந்தப் பெயரைச் சூட்டியது. எல்விஸ், கேஷ், பெர்கின்ஸ், லூயிஸ், ராய் ஆர்பிசன் எல்லோரும் அந்தச் சாலையோரக் கூடங்களில் பாடியவர்கள் என்பதே காரணம். வந்துபோனவர்களின் பெயர்கள் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. ஆனால் அந்தக் கூடங்களை வாரந்தோறும் உயிரோடு வைத்திருந்தவர்கள் உள்ளூர்க் குழுக்கள். நியூபோர்ட்டில் நடக்கும் டிப்போ டேஸ் விழாவில் பர்ஜஸ் முதுமையிலும் பாடினார்.

வானொலியிலும் பேசினாராமே?

ஜோன்ஸ்பரோவில் உள்ள ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேஏஎஸ்யூ நிலையத்தில் ஜூன் டெய்லருடன் சேர்ந்து ‘வீ வான்னா பூகி’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார். ஆம், முதல் தட்டின் பெயரேதான். பழைய தட்டுகளை ஒலிக்கவிட்டு, அவற்றைப் பாடியவர்களோடு ஒரே காரில் பயணம் செய்த ஒருவர் கதை சொன்னால் கேட்பதற்கு எப்படி இருக்கும்!

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘ரெட் ஹெடட் வுமன்’ முதலில். அது பிடிக்கவில்லை என்றால் மற்றவையும் பிடிக்காது. நேரத்தை வீணாக்க வேண்டாம். பிடித்தால் ‘வீ வான்னா பூகி’, ‘எய்ன்ட் காட் எ திங்’, ‘சேடீஸ் பேக் இன் டவுன்’ என்று போகலாம். பிறகு ஹாங்க் வில்லியம்ஸின் ‘மை பக்கெட்ஸ்’, பர்ஜஸின் ‘மை பக்கெட்ஸ்’, ரிக்கி நெல்சனின் ‘மை பக்கெட்ஸ்’ மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. பத்தாண்டுகளுக்குள் ஒரே பாட்டு கன்ட்ரியிலிருந்து நடனக் கூடத்துக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிப் பிள்ளைகளுக்கும் எப்படிக் கைமாறியது என்பது காதிலேயே தெரிந்துவிடும். 1990களின் ஆல்பங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நல்ல ஆல்பங்கள்தான், ஒலிப்பதிவும் சுத்தம். அந்தச் சுத்தம்தான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.